மலர்கொடி சொன்ன பெயர்கள்

சூர்யகலா ஸ்கூட்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உப்பளத்து வரப்பின் மேல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தாள். திண்டிவனத்தில் இலவச சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக இருப்பவள். மலர்கொடியின் வழக்கு தொடங்கிய நாளிலிருந்து தீர்ப்பு வந்த நாள்வரை கூடவே இருந்தவளும் அவள்தான். அவள் இந்த வெயிலில் உப்பளத்துக்கே தேடி வருகிறாள் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று மலர்கொடிக்குப் புரிந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த பலகையை நிறுத்திவிட்டு வரப்புக்கு ஏறி வந்தாள்.

"இன்னாக்கா, போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

"போன்ல கேட்டா மாட்டேன்னுடுவ. அதான் நேர்லயே வந்துட்டேன்."

விஷயம் இதுதான். வேலை வாங்கித் தருகிறேன் என்று ஆட்களைக் கூட்டிப்போய் விற்கிறவர்களைத் தண்டிக்கவும், மீண்டு வருகிறவர்களுக்கு உதவவும் மாநில அரசு தனியாக ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறது. மசோதா எழுதுவதற்கு முன்னால் ஒரு குழு மாவட்டம் மாவட்டமாகப் போய், அந்தக் கொடுமையை அனுபவித்தவர்களிடமே கேட்கிறது. அடுத்த வாரம் விழுப்புரத்துக்கு வருகிறார்கள். மலர்கொடி போய்ப் பேச வேண்டும்.

"கோர்ட்டுல எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டேன்க்கா. இன்னொரு தடவ சொல்ல என்னால ஆவாது."

"இது சாட்சி இல்ல மலரு. குறுக்கு விசாரணையும் கிடையாது. உனக்கு நடந்தத நீ சொல்லவே வேணாம். அடுத்து வர்ற பொண்ணுக்கு இன்னா வேணும்னு சொன்னா போதும்."

மலர்கொடி பாத்தியில் இறங்கி மறுபடியும் பலகையைப் பிடித்தாள். சூர்யகலாவும் வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "யோசிச்சு சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினாள்.

மலர்கொடிக்கு நடந்தது இது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மரக்காணத்து உப்பளங்கள் முழுக்கத் தண்ணீர்க் காடாகிவிடும். தை பிறக்கும்வரை உப்பளத்துக் கூலிகளுக்கு வேலை கிடையாது. மலர்கொடிக்கு இருபத்தொரு வயது இருக்கும்போது அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் வசந்தா வந்தாள். பெரிய முதலியார்சாவடிக்காரி. தவணைக்குப் புடவை விற்க ஊர் ஊராக வருகிறவள் என்பதால் எல்லா வீட்டிலும் தெரிந்த முகம். மலர்கொடியின் அம்மா சாலம்மாள் அவளிடம் இரண்டு புடவை எடுத்திருக்கிறாள்.

"வடக்க ஒரு இறால் கம்பெனிக்கு பொண்ணுங்க வேணுமாம் சாலம்மா. உக்காந்து இறால் உரிக்கிற வேலதான். தங்க எடம், சாப்பாடு எல்லாம் கம்பெனியே குடுக்குது. சும்மா வூட்ல குந்தினு இருக்கறதுக்குப் போயிட்டு வரட்டுமே" என்றாள்.

அப்பா பாவாடைக்கு அரை மனசுதான். ஆனால் மலர்கொடிக்கு ஆசை இருந்தது. ரயிலில் போக வேண்டும் என்கிற ஆசைகூட இருந்தது.

இரண்டு ரயில் மாறி, ஒரு வேனில் ஏறி, பெயர்கூட வாயில் நுழையாத ஒரு கடற்கரை ஊரில் போய் இறங்கினாள். அங்கே இறங்கிய உடனே போனை வாங்கிக்கொண்டார்கள். பெரிய தகரக் கொட்டகை. உள்ளே ஐஸ் போட்ட இறால் மலை மாதிரி கிடந்தது. விடிவதற்கு முன்னால் நின்றால் பொழுது சாய்ந்த பிறகும் நிற்க வேண்டும். உட்கார நாற்காலி ஒன்றுகூட இல்லை. ஐஸ் தண்ணீரில் கை ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்தது. இறாலின் முள் குத்திய இடம் சீழ் பிடித்தது. வேலை முடிந்ததும் பெண்களைப் பின்னால் இருக்கிற ஓர் அறையில் விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சம்பளம் என்று வாயைத் திறந்தால், "உன்ன வாங்கினதுக்கு மொதல்ல உழைச்சு கழி" என்று அரைகுறைத் தமிழில் மேஸ்திரி சொன்னான். வாங்கினதுக்கு என்ற வார்த்தையைக் கேட்ட பிறகுதான் வசந்தா தன்னை விற்றிருக்கிறாள் என்பதே மலர்கொடிக்கு உறைத்தது.

அங்கே அவளுக்குத் துணையாக இருந்தது ஜுனு என்கிற ஒரிசாப் பெண். இவள் பேசுவது அவளுக்குத் தெரியாது, அவள் பேசுவது இவளுக்குத் தெரியாது. ஆனாலும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். கொதிகலன் குழாய் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற இடத்தைக் கண்டுபிடித்து, மலர்கொடியின் கைகளை இழுத்து அந்தச் சூடான சுவரில் வைத்து அழுத்திப் பிடித்தவள் ஜுனுதான். அவள் மோவாயில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும். சிரித்தால் அது கோணலாக ஏறும்.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. கேட்கும்போதெல்லாம், பெண் நல்லா இருக்கிறாள் என்று வசந்தா வீட்டில் சொல்லி நம்ப வைத்திருந்தாள். ஒருநாள் சரக்கு ஏற்ற வந்த குளிர்சாதன லாரியின் நெற்றியில் 'அங்காளம்மன் துணை' என்று தமிழில் எழுதியிருந்தது. பெட்டி சுமந்துகொண்டு போன மலர்கொடிக்கு அந்த எழுத்தைப் பார்த்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டிரைவர் பின்கதவருகே நின்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். மேஸ்திரி பத்தடி தள்ளி நின்றான். அவள் தலையை நிமிர்த்தாமலே, பெட்டியை வைக்கிற சாக்கில் சொன்னாள்.

"அண்ணே, எனக்கு மரக்காணம். எங்கள அடைச்சு வச்சிருக்காங்க. எங்கப்பாகிட்ட சொல்லுங்கண்ணே."

அடுத்த பெட்டியை வைக்கும்போது அப்பாவின் போன் நம்பரில் பாதியைச் சொன்னாள். அதற்கடுத்த பெட்டிக்கு மீதியைச் சொன்னாள். அந்த டிரைவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டி எண்ணுகிற மாதிரியே அந்த எண்களை வாய்விட்டுச் சொன்னார். சரியா என்று கேட்பதுபோல் கடைசி எண்ணில் கொஞ்சம் இழுத்தார். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் பெயர் காசிலிங்கம். ராசிபுரம் பக்கத்துக்காரர். அன்றைக்கே அவர் பாவாடைக்குப் போன் செய்தார். பாவாடை சட்டையைக்கூட மாற்றாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். அங்கே இருந்த ஒருவர் சொல்லித்தான் சூர்யகலாவைத் தேடிப் போனார். சூர்யகலா அந்த மாநிலத்து அதிகாரிகளுக்குப் புகார் அனுப்பி, விடாமல் போன் மேல் போன் போட்டாள். ஆனால் அங்கிருந்து ஆட்கள் கிளம்பி வருவதற்குள் கம்பெனிக்காரன் பெண்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம் காசிலிங்கத்துக்கும் இருந்தது. சரக்கைத் துறைமுகத்தில் இறக்கியவர், திரும்புகால் லோடு எடுக்காமல் மறுபடியும் அதே ஊருக்கு வந்தார். கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை ஓரமாக லாரியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வண்டி ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டே அங்கேயே கிடந்தார். ஓனர் போனில் திட்டித் தீர்த்தார். அவர் நகரவில்லை.

அப்படியும் ஒரு வேன் விடியற்காலையில் அவர் கண் முன்னாலேயே கிளம்பிப் போனது. அதில் ஜுனுவும் இன்னும் சில பெண்களும் இருந்தார்கள். வேனைத் துரத்துவதா, மீதிப் பெண்கள் இருக்கிற கேட்டைக் காப்பதா என்று தெரியாமல் அவர் தவித்திருக்கிறார். கடைசியில் வேன் நம்பரை மட்டும் போலீசுக்குச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். அன்று மதியம் அதிகாரிகளும் போலீசும் வந்து பூட்டை உடைத்தார்கள். காசிலிங்கத்தை அவர்கள் கேட்டுக்குள் விடவில்லை. வேனைப் பிறகு ஓரிடத்தில் கண்டுபிடித்தார்கள். உள்ளே யாரும் இல்லை.

ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனபோது மலர்கொடியின் காலில் செருப்பு இல்லை. கம்பெனியில் கொடுத்த ரப்பர் பூட்ஸையும் கழற்றி எறிந்துவிட்டாள். அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பெண் போலீஸ் ஒருத்தி, அவள் காலைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தன் சொந்தச் செருப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். ஏதோ சொன்னாள். மொழி புரியவில்லை. போட்டுக்கோ என்றுதான் சொல்லியிருப்பாள். ஊர் வந்து சேரும்வரை மலர்கொடி அந்தச் செருப்பில்தான் நடந்தாள். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லையே என்பது இன்றுவரை அவளுக்கு ஒரு குறை.

தமிழ்நாட்டுக்கு வந்ததும் வீட்டுக்கு விடவில்லை. விசாரணை முடியும்வரை ஒரு பெண்கள் இல்லத்தில் தங்க வேண்டும் என்றார்கள். இல்லத்துப் பொறுப்பாளர் ஞானாம்பாள் சோறு போட்டு, பாய் தலையணை கொடுத்து, அறையைக் காட்டிவிட்டு வழக்கம்போலக் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டார். இரும்புத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டதுதான் தாமதம், மலர்கொடிக்கு மூச்சு நின்றுவிட்டது. கத்தவில்லை, கதவைத் தட்டவும் இல்லை. மூலையில் போய்ச் சுருண்டுகொண்டாள். சாயங்காலம் டீ கொடுக்க வந்த ஞானாம்பாள் அவளைத் தொட்டபோது உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது.

"இன்னாம்மா ஆச்சு? உடம்பு முடியலையா?"

மலர்கொடி கதவைக் கை காட்டினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

ஞானாம்பாள் கதவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் ஓர் ஆசாரி வந்து அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றி உள்பக்கமாக மாட்டினார். "நீயே போட்டுக்கோ, நீயே தொறந்துக்கோ. வெளிய வாசல்ல நான் இருக்கேன்" என்று ஞானாம்பாள் சொன்னார். மேலதிகாரிகளைக் கேட்காமல் செய்ததற்காக அவருக்கு மெமோ வந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் மலர்கொடிக்குத் தெரிந்தது.

வழக்கு அந்த மாநிலத்துக் கோர்ட்டில் நடந்தது. மலர்கொடி அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று திண்டிவனம் கோர்ட்டிலேயே வீடியோவில் சாட்சி சொல்ல வைத்தார்கள். காசிலிங்கம் அங்கே நேரில் போய்ச் சாட்சி சொன்னார். வசந்தாவுக்கும், இறால் கம்பெனி ஆட்களுக்கும் தண்டனை கிடைத்தது. மலர்கொடி மறுபடியும் உப்பளத்துக்கு வேலைக்கு வந்துவிட்டாள். ஊர் கொஞ்ச நாள் பேசியது, பிறகு வேறு பேச்சு கிடைத்ததும் விட்டுவிட்டது.

இத்தனையும் முடிந்து, மனசு ஒரு நிலைக்கு வந்திருக்கும் நேரத்தில்தான் சூர்யகலா வந்து விழுப்புரத்துக்குக் கூப்பிட்டாள்.

வீட்டில் சொன்னதும் சாலம்மாள் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"மறுபடியும் எதுக்குடி ஊரு வாயில போய் விழணும்? பேப்பர்ல போட்டோ கீட்டோ போட்டாங்கன்னா? நாளைக்கு ஒருத்தன் உன்ன கட்டிக்க வருவானா?"

"போட்டோ எடுக்க மாட்டாங்களாம்மா. பேரும் வெளிய வராதாம்."

"சொல்லுவாங்க. அந்த வசந்தாகூடதான் ஆயிரம் சொன்னா."

பாவாடை பீடியை அணைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "நீ இன்னா நெனைக்கிற? போணும்னு தோணுதா?"

மலர்கொடி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "எனக்குன்னு போக வேண்டியதில்லப்பா. ஜுனு எங்க இருக்கான்னு இன்னும் தெரியல. அதான் மனசுல ஓடிக்கினே இருக்குது."

மலர்கொடி போகிற நாளன்று சாலம்மாள் விடியற்காலையிலேயே எழுந்து தக்காளி சாதம் கிளறி டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். பெட்டியின் அடியில் வைத்திருந்த நல்ல புடவையையும் எடுத்து வெளியே வைத்தாள்.

விழுப்புரத்தில் கலெக்டர் ஆபீசில் ஓர் அறை. மேசைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். குழுவின் தலைவர் அருள்மொழி, ஓய்வுபெற்ற நீதிபதி, நரைத்த தலை, காட்டன் புடவை. பக்கத்தில் மூன்று நான்கு அதிகாரிகள். பேச வந்தவர்களில் செங்கல் சூளையிலிருந்து மீண்ட ஒரு குடும்பம் இருந்தது. முறுக்குக் கம்பெனியில் அடைபட்டிருந்த ஒரு பையன் இருந்தான். அவர்கள் பேசி முடித்ததும் அருள்மொழி மலர்கொடியைப் பார்த்தார்.

"மைக் வேணுமாம்மா?"

"வேணாங்க."

"அப்ப நான் கிட்ட வர்றேன்" என்று அவரே நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார். "புதுச் சட்டத்துல என்னென்ன இருக்கணும்னு நெனைக்கிற? தோணினத சொல்லு."

மலர்கொடி சூர்யகலாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எனக்குச் சட்டம் தெரியாதுங்க. எனக்கு உதவி பண்ணவங்க பேருதான் தெரியும். அத சொல்லலாங்களா?"

"சொல்லும்மா. அதான் வேணும்."

காசிலிங்கத்தின் பெயரை முதலில் சொன்னாள். அவர் கேட்டுக்கு எதிரே லாரியை நிறுத்திக் கிடந்ததைச் சொன்னாள். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்ததற்கு ஓனர் வண்டியைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். சாட்சி சொல்லத் தன் செலவில்தான் போய் வந்தார். கோர்ட்டில் கம்பெனிக்காரன் தரப்பு வக்கீல் அவரையே, நீதான் இந்தப் பெண்களைக் கடத்த வந்தாயா என்று கேட்டார்.

அருள்மொழி பேனாவை எடுத்தார். "தகவல் சொன்னவருக்குப் பாதுகாப்பு" என்று பக்கத்திலிருந்த அதிகாரியிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, "அடுத்து?" என்றார்.

"ஒரு போலீஸ் அக்கா. பேரு தெரியாதுங்க. செருப்பு குடுத்தாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஊர்ல என்ன ஒரு மனுஷியா நெனச்சு மொதல்ல பாத்தது அவங்கதாங்க. எனக்குக் கொஞ்சம் அவங்க பாஷ தெரிஞ்சிருந்தா, இல்ல தமிழ் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கூட வந்திருந்தா, என்கூட இருந்த ஜுனுவ வேன்ல ஏத்திக்கினு போயிட்டாங்க, அவ இப்படி இருப்பான்னு நான் அப்பவே சொல்லியிருப்பேன். நான் கத்தினது அங்க யாருக்கும் புரியலங்க."

அடுத்து அவள் ஞானாம்பாளைப் பற்றிச் சொன்னாள். தாழ்ப்பாளை மாற்றியதையும் மெமோ வந்ததையும் சொன்னபோது, இல்லங்களைக் கவனிக்கிற துறையிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர் கையை உயர்த்தினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். வெளிய பூட்டறது கெட்ட எண்ணத்துல இல்ல. மாமா, சித்தப்பான்னு சொல்லிக்கிட்டு ஏஜென்ட் ஆளுங்களே வந்து பொண்ணுங்கள கூட்டிட்டுப் போயிருக்காங்க. ரெண்டு தடவ நானே பாத்திருக்கேன்."

"அதுவும் உண்மைதாங்க" என்றாள் மலர்கொடி. "நான் இருக்கும்போதும் ஒருத்தன் அப்படி வந்தான். ஞானாம்பா அம்மாதான் வாசல்லயே நிறுத்தித் தொரத்திவுட்டாங்க. வாசல்ல காவல் போடுங்க, வேணான்னு சொல்லல. நாங்க படுக்கற ரூம பூட்டாதீங்க. அது மட்டும் பண்ணாதீங்க."

அந்த அதிகாரி தலையை ஆட்டினார். குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

அருள்மொழி கேட்டார். "இவங்க எல்லாருக்கும் நீ நன்றி சொல்லணும்னு நெனைக்கிற, இல்ல?"

"ஆமாங்க. தெனமும் நெனைக்கிறேன்."

"நெனைக்க வேண்டியதுதான். ஆனா யோசிச்சுப் பாரு. அந்த டிரைவர் அந்தப் பக்கம் வரலன்னா? அந்த அம்மாவுக்குப் பதிலா வேற ஒருத்தர் பொறுப்புல இருந்திருந்தா?"

மலர்கொடி அதை நிறையவே யோசித்திருக்கிறாள். "நான் இன்னும் அங்கதாங்க இருப்பேன். ஜுனுவுக்கு அப்படி யாரும் கெடைக்கலங்க."

"அதுக்குதாம்மா சட்டம் வேணும். உனக்கு மனசு வச்சு செஞ்சத அடுத்த பொண்ணுக்குக் கடமையா செஞ்சாகணும். அவ யாருக்கும் நன்றி சொல்ற நெலமையில நிக்கக்கூடாது."

மலர்கொடிக்கு அது சரி என்று பட்டது. ஆனாலும் முழுக்க ஒப்பவில்லை. "சட்டம் போட்டாலும் செய்யறது ஒரு ஆளுதானேங்க" என்றாள். "அவங்களுக்கு நன்றி சொன்னா தப்பில்லயே."

அருள்மொழி சிரித்துவிட்டார். "தப்பே இல்ல" என்றார்.

பிறகு ஜுனுவைப் பற்றி விவரமாகக் கேட்டார். தீர்ப்பு வந்ததோடு தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள் என்று சூர்யகலா சொன்னாள். தழும்பு எந்தப் பக்கம், என்ன வயசிருக்கும், எந்த ஊர்ப் பெயரை அடிக்கடி சொல்லுவாள் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். "கண்டுபிடிச்சுத் தர்றேன்னு வாக்குக் குடுக்க என்னால முடியாது. மறுபடியும் தேடச் சொல்லி நானே கேக்கறேன். அது முடியும்" என்றார் அருள்மொழி. பொய்யாக ஆறுதல் சொல்லாத அந்தப் பேச்சு மலர்கொடிக்குப் பிடித்திருந்தது.

வெளியே வந்தபோது அவளுக்கு அப்படி ஒரு பசி. பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் தக்காளி சாதத்தை டப்பா காலியாகும்வரை சாப்பிட்டார்கள்.

"அக்கா, அன்னிக்கு பெட்டி வைக்கறப்ப சொன்னதோட சரி, அப்பறம் அந்த டிரைவர் அண்ணன்கிட்ட நான் ஒரு வார்த்தகூட பேசினதே இல்ல. சாட்சி சொல்றப்பகூட அவரு அங்க, நான் இங்க."

"நம்பர் என்கிட்ட இருக்குதே. பேசேன்."

நம்பரை வாங்கிக்கொண்டாள். ஆனால் பேசத் தைரியம் வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது.

ஆடி மாதத்தில் சூர்யகலா போன் செய்தாள். மசோதாவின் வரைவு வந்துவிட்டதாம். இன்னும் சட்டசபைக்குப் போக வேண்டும், நிறைய மாறலாம், ஆனாலும் ஓரிடத்தை மட்டும் படிக்கிறேன் கேள் என்றாள். சட்டத் தமிழில் நீளமாக இருந்தது. மீட்கப்பட்ட எவரையும் அவருடைய சம்மதம் இல்லாமல் எந்த இல்லத்திலும், எந்த அறையிலும் பூட்டி வைக்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம். மொழி தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றும் அடுத்த வரியில் இருந்தது.

மலர்கொடி பாத்திக்குள் நின்றபடியே கேட்டாள்.

"இருக்கியா மலரு?"

"இருக்கேன்க்கா. இன்னொரு தடவ படிங்க."

சூர்யகலா மறுபடியும் படித்தாள். அதைக் கேட்ட தைரியத்தில்தான் அன்று சாயங்காலம் மலர்கொடி காசிலிங்கத்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, மரக்காணத்துலேர்ந்து மலர்கொடி பேசறேன்."

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் கேட்டது. "ஒரு நிமிசம் இரு கண்ணு, வண்டிய ஓரங்கட்டிக்கறேன்" என்றார். சத்தம் நின்றது. "நல்லா இருக்கியா கண்ணு?" என்று அவர் கேட்டதும், இத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தை எதுவும் அவளுக்கு வரவில்லை. "நல்லா இருக்கேண்ணா" என்று மட்டும் சொன்னாள். உப்பு லோடு எடுக்க மரக்காணம் வருவது இப்போது அவருக்கு வழக்கம்தானாம். அடுத்த தடவை வரும்போது வீட்டுக்கு வருகிறேன் என்றார்.

ஆவணியில் வந்தார். இப்போது வேறு முதலாளியின் வண்டி. ஒல்லியான மனிதர், அன்று முகத்தை நிமிர்ந்து பார்க்காத அவள் நினைத்து வைத்திருந்ததைவிட வயது குறைவு. கையில் ஒரு பை. அவர் மனைவி ஜவ்வரிசியும் ஒரு தூக்கில் நெய்யும் கொடுத்தனுப்பியிருந்தார். வாசலிலேயே நின்று உள்ளே வரக் கூச்சப்பட்டார்.

சாலம்மாள் அவரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. "ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க அம்மா" என்று அவர் பதறினார். பக்கத்து ஊரான அனுமந்தையிலிருந்து காலையிலேயே வாங்கி வந்த நண்டைக் குழம்பு வைத்திருந்தாள் சாலம்மாள். அவர் போதும் போதும் என்று இலையைக் கையால் மறைத்தும் கேட்காமல் போட்டுக்கொண்டே இருந்தாள். "சாப்டுங்க. எம் பொண்ண எனக்குக் குடுத்தீங்க. சாப்டுங்க" என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மலர்கொடி அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு வேல போச்சுன்னு கேள்விப்பட்டேண்ணா. என்னாலதான்."

"அந்த ஓனரு சரியில்ல கண்ணு, எப்படியும் விட்டிருப்பேன்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அந்த வேனுதான் மனசுல நிக்குது. தொரத்தியிருக்கலாமோன்னு இப்பவும் தோணும்."

"தொரத்தியிருந்தா நாங்க இருந்திருக்க மாட்டோம். ஜுனுவ மறுபடியும் தேடச் சொல்லியிருக்காங்கண்ணா. ஒரிசாவுல விசாரிச்சுக்கினு இருக்காங்களாம்." அவள் நிறுத்தினாள். "நான் உங்களுக்கு நன்றி சொல்லணும்னு எவ்வளவோ நாளா நெனச்சேன். சொல்லவே இல்ல. இப்ப சொல்றேண்ணா. நான் உயிரோட இருக்கறது உங்களாலதான்."

காசிலிங்கம் தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி கண்ணு. நல்லா இரு" என்றார்.

அதற்குள் மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் எழுந்து மலர்கொடியோடு உப்பளத்துக்குப் போனபோது லாரியில் மூட்டைகள் ஏறி முடிந்திருந்தன. வீட்டில் எங்கே என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்த பாவாடை அங்கே லாரியின் மேல் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு பொட்டு மழையும் உள்ளே இறங்காதபடி தார்ப்பாயை இழுத்து இழுத்து, ஒவ்வொரு மூலையிலும் கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். காசிலிங்கம் கீழே நின்று, "நான் கட்டிக்கறேங்க, எறங்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாவாடை காதில் வாங்கவே இல்லை. எல்லாம் முடிந்து இறங்கி வந்து, அவர் கையை இரண்டு கையாலும் ஒரு தடவை பிடித்துவிட்டு விட்டார்.

"மெதுவா போங்க" என்றார்.

லாரி ஈ.சி.ஆர். ரோட்டில் ஏறித் திரும்பியது. முதல் தூறல் விழுந்தது. பாத்தியில் வாரிக் குவித்த உப்பு இன்னும் மூடாமல் கிடந்தது. மலர்கொடி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அப்பாவையும் கூப்பிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினாள்.